காடு திருத்தியவர்களும் காட்டில் இருந்தவர்களும்

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. ஏடுகளைத் துளையிட்டுக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்ததை அவை சொல்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் சோழர் குலமுறை கூறும் வடமொழிப் பகுதியில்தான் நின்றுவிடுவார்கள். எனக்குத் தமிழ்ப் பகுதிதான் பிடிக்கும். அங்கே ஊரார் பெண் யானையொன்றை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். ஏரி, வாய்க்கால், மேடு, பள்ளம் என்று ஒவ்வோர் அடையாளமாக எல்லை விரிகிறது. இந்த மண்ணை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய பத்திரம் அது.

கள்ளி நட்ட அந்த எல்லைக்கு அப்பால் ஆலங்காடு இருந்தது. காட்டுக்கும் ஆள் இருந்தது.

அந்த ஆட்களைப் பற்றித் தொண்டைநாட்டு மரபு ஒரு நீண்ட கதை சொல்கிறது. நாட்டை 24 கோட்டங்களாக வகுத்து ஆண்டவர்கள் குறும்பர். அவர்களுக்குப் புழலில் கோட்டை இருந்தது. ஆதொண்டச் சக்கரவர்த்தி படையெடுத்து வந்தபோது அவன் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். அங்கே எழுந்த திருமுல்லைவாயில் கோயிலில் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று இன்றும் காட்டுகிறார்கள். வென்றவன் காடு திருத்த வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். முதலில் வந்தவர்களில் பலர் காட்டு வாழ்க்கை பொறுக்காமல் திரும்பிவிட்டதால், தங்கியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காணியாட்சி தருவதாக வாக்களித்தான் என்பது மரபு.

குடியேறியவர்களின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. இங்குள்ள ஏரிகளை வெட்டிய கைகளை மறப்பது நன்றிகெட்ட செயல். பழையனூர் வேளாளர் எழுபதுபேர் கொடுத்த வாக்கைக் காக்கத் தீப்பாய்ந்த கதையை மதிக்காத தமிழர் யார்? ஆனால் வெற்றியின் கதையில் தோற்றவன் பெயர் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘குறும்பு’ என்றால் பழந்தமிழில் சிற்றரண். அதற்குரியவர் குறுநிலத் தலைவர். பின்னாளில் அதே சொல்லுக்குத் தீச்செயல், சேட்டை என்ற பொருள்கள் நிலைத்துவிட்டன. இன்று வீட்டுக் குழந்தையைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும்போது அந்தப் பழைய அரணை யாரும் நினைப்பதில்லை.

இந்தக் கதை வெறும் கதையாகவே இருந்திருந்தால் கேடு குறைவு. வெள்ளையர் ஆட்சியில் அது வழக்காடும் ஆவணமாயிற்று. காணியாட்சியாகிய மிராசு உரிமை பற்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. காணியாட்சியின் வேர் ஆதொண்டன் குடியேற்றத்தில் தேடப்பட்டது. முதலில் வந்து காடழித்தவரின் வழித்தோன்றல் என்பதே உரிமை. உழவைச் சுமந்த பறையர்களுக்கோ குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை இதைத்தான் உடைத்துச் சொன்னது: தரிசாகக் கிடந்த நிலத்தைக்கூடப் பறையர் பெறாதபடி மிராசுதார் தடுத்தார்கள். அதன் விளைவாக 1892இல் வந்த ஆணையால்தான் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு பிறந்தது.

‘முதலில் வந்தவன்’ என்ற வாதத்துக்கு, ‘உனக்கும் முன்பே இருந்தவன் நான்’ என்று விடை எழுந்ததுதான் இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம். அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களை இம்மண்ணின் பூர்வகுடிகள் என்று எழுதினார். 1922இல் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. இழிபெயருக்கு ‘ஆதி’ என்ற ஒரு சொல்லால் விடை சொன்னார்கள்.

இதற்கிடையே அளவுகோல் ஒன்றும் கப்பலேறி வந்தது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கவராயம் போன்ற கருவியால் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். மூக்கின் நீளத்துக்கு அதன் அகலம் நூற்றில் எத்தனை என்று கணக்கிட்டு, சாதிகளையும் குடிகளையும் வரிசைப்படுத்துவது அன்றைய ‘அறிவியல்’. 1909இல் அவருடைய நூல் 7 தொகுதிகளாக வந்தது. பழங்கதையில் ‘காட்டான்’ என்று ஏசப்பட்டவன் இப்போது மூக்களவால் கீழினமாகிவிட்டான். நம் செப்பேடுகள் இன்று இருப்பதும் அதே அருங்காட்சியகத்தில்தான்.

1911இல் குற்றப்பழங்குடிச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் குழுக்கள் பல அதில் சேர்க்கப்பட்டன. கைரேகை வாங்குவது, காவலர் முன் கணக்குக் கொடுப்பது, ஊர் விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போவது என்று பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. இங்கிருந்து சிறிது தூரத்தில் திருத்தணி. அங்கே குறமகள் வள்ளியை மணந்தவனைக் கண்ணீர் மல்கப் பாடுகிறோம். அவள் குலத்தார் 1947 வரை அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். முன்பே இருந்தவரை இல்லையென்று ஆக்குவது இங்கு மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் ஆளில்லா நிலம் என்று சொல்லியே ஒரு கண்டத்தை எடுத்துக்கொண்டார்கள். 1992இல், மண்ணின் மக்கள் தொடுத்த மாபோ வழக்கில்தான் அவ்வாதம் வீழ்ந்தது. காட்டில் இருந்தவரை மறந்த கதை நம்மிடமும் இருப்பதால், அதைக் கேட்டு நாம் வியக்கத் தேவையில்லை.

1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலிய பெரியோரின் போராட்டத்தால் நாம் பெற்ற பேறு அது. தமிழா தெலுங்கா என்று ஊர் ஊராகக் கணக்குப் பார்த்த அந்நாளில், இரண்டு பக்கத்திலும் இருந்த இருளர் என்னும் பழங்குடியினரின் நிலம் எது என்ற கேள்வி எழவே இல்லை.

இருளர் இன்றும் இப்பகுதியில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் வாழ்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் அவர்கள் எலி பிடிப்பதை நின்று பார்த்திருக்கிறேன். வரப்பில் வளையைக் கண்டுபிடித்து, மற்ற வாய்களை அடைத்து, ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். பிறகு தோண்டினால், எலி சேர்த்து வைத்த நெற்கதிர் கைநிறையக் கிடைக்கும். ஊரார் விளைத்த நெல்லில் அவர்களுக்கு வந்து சேரும் பங்கு அதுதான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்களை, 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் மீட்க வேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்புக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகம் போனால், பூர்வீகத்துக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழுகிறது. பத்திரம் எழுதும் பழக்கமே இல்லாத குடியிடம் கேட்கப்படும் கேள்வி இது.

திருவாலங்காட்டில் இக்காட்டுக்கு உடையவளாக இருந்தவள் காளி. ஊர்த்துவ தாண்டவத்தில் இறைவனுக்கு ஈடாகக் கால் தூக்க முடியாமல் அவள் தோற்றாள். தோற்றவளை இத்தலம் விரட்டவில்லை, தனிக்கோயிலில் அமர்த்தியது. வழிபட வருவோர் முதலில் அவளை வணங்கிவிட்டுத்தான் இரத்தினசபைக்குப் போக வேண்டும் என்பது இன்றும் இங்கே வழக்கம்.