புகழும் சமூகக் கடனும்

ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து விளையாட்டிலோ கலையிலோ பெயர் வாங்கிய ஒருவர், தன் மக்களுக்காகப் பேசவும் கொடுக்கவும் கடமைப்பட்டவரா? அமெரிக்காவில் கறுப்பினப் பிரபலங்களைச் சுற்றி நடக்கும் இந்த விவாதம் உலகறிந்தது. இந்தியாவில் இது தலித், பழங்குடிப் பிரபலங்களைச் சுற்றி ஏறத்தாழ நூறாண்டாக நடந்து வருகிறது. கீழேயிருந்து ஏறி வந்தவரிடம் மட்டுமே இந்தக் கேள்வி கேட்கப்படும் என்பது இரு நாடுகளுக்கும் பொது. மேல்சாதியில் பிறந்த மட்டையாளரிடம் போய், உங்கள் சாதிக்கு என்ன செய்தீர்கள் என்று யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

'பேசு' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 'எங்கள் பக்கம் நின்று பேசு' என்றுதான் கேட்கிறார்கள் என்பதையும் இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வாயைத் திறக்காதவர் மீது எழுந்த கோபத்தைவிட, வாயைத் திறந்து வேறு பக்கம் பேசியவர் மீது எழுந்த கோபமே பெரிது.

பல்வங்கர் பாலு

இந்தியாவின் முதல் தலித் விளையாட்டு நட்சத்திரம் என்று சொல்லத்தக்கவர் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு. 1870களில் தார்வாரில், தோல் தொழில் செய்யும் சமார் சாதியில் பிறந்தார். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 4 ரூபாய். வலைப்பயிற்சியில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவார். மட்டையைக் கையில் கொடுக்கமாட்டார்கள். ஐரோப்பிய அணியை வெல்ல வேண்டுமானால் இவர் இல்லாமல் முடியாது என்று தெரிந்ததும் புனேயின் இந்து அணி இவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் போக, பாலுவுக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் வந்தது.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்தப் பயணத்தில் மெச்சத்தக்கதாக இருந்தது ஏறக்குறைய இவருடைய பந்துவீச்சு மட்டும்தான். இருந்தும் இந்து அணியின் தலைமை இவருக்குக் கிடைக்கவில்லை. அது 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் வாய்த்தது.

இளம் அம்பேத்கருக்குப் பாலு ஆதர்ச நாயகன். ஆனால் அந்தப் பிணைப்பு அரசியலில் முறிந்தது. 1932இல், தாழ்த்தப்பட்டோர் தனியே வாக்களிக்கும் தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் கோரியபோது பாலு, சென்னை மாகாணத்தின் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவைப் போல, எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளரும் இவரே. அம்பேத்கர் வென்றார்.

பாலு ஒதுங்கிக்கொண்டவர் அல்லர். பொதுவாழ்வுக்கு வந்தார், தேர்தலில் நின்றார், தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாகத்தான் மேடை ஏறினார். கடமை தவறியவர் என்று அவரைச் சொல்ல வழியில்லை. எந்தக் கட்சிக்குப் பயன்பட்டார் என்பதில்தான் சச்சரவு. காங்கிரஸுக்கு வேண்டியிருந்தது அவருடைய கருத்தா, பெயரா என்று கேட்டால், பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே காட்சி 1949இல் அமெரிக்காவில் அரங்கேறியது. கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் இடதுசாரிப் பேச்சை மறுத்துச் சாட்சி சொல்ல, நாடாளுமன்றக் குழு ஒன்று கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை அழைத்தது. ராபின்சன் போனார், அங்கேயே நிறவெறியையும் கண்டித்துப் பேசினார். பத்திரிகைகளோ ரோப்சனைக் கண்டித்த பகுதியையே பெரிதாக எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு ரோப்சனின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. திரும்பக் கிடைக்க எட்டாண்டு ஆயிற்று. ரோப்சன் மீதான தன் மதிப்பு பின்னாளில் கூடியதாக ராபின்சன் 1972இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

கடல் தாண்டிய சமூகங்கள்: திக்லிபூர்

வட அந்தமானின் முக்கிய ஊரான திக்லிபூரைச் சுற்றி வாழும் இரண்டு சமூகங்கள் இந்த விவாதத்துக்கு இன்னொரு முகத்தைக் காட்டுகின்றன. ஒன்று, 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டும் வேலைக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள். தீவில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்: ராஞ்சிக்காரர். மற்றொன்று, பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து, அரசு கொடுத்த நிலத்தில் காட்டைத் திருத்தி நெல் விளைத்த அகதிக் குடும்பங்கள். இவர்களில் பெரும்பகுதி நாமசூத்திரர், அதாவது வங்கத்தின் தீண்டத்தகாதோர்.

ராஞ்சிக்காரர்களின் தாயகம் பெற்ற பெரிய நட்சத்திரம் ஜெய்பால் சிங் முண்டா. ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். அந்தப் போட்டிக்காக ஐ.சி.எஸ். வேலையையே கைவிட்டார். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் குரலாக ஒலித்தார். 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்தது. விளையாட்டுப் புகழை இவ்வளவு முழுசாகச் சமூகத்தின் கையில் ஒப்படைத்த இன்னோர் இந்திய வீரரைச் சொல்வது கடினம். 1963இல் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தபோது, அவரைத் தலைவரே என்று கொண்டாடியவர்களே விற்றுவிட்டார் என்றார்கள்.

நாமசூத்திரரின் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் நட்சத்திரமல்ல, அரசியல்வாதி. 1946இல் அம்பேத்கரை வங்கத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்ப உழைத்தவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். 1950இல் பதவியை உதறிவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் அவரை நம்பியிருந்த மக்கள் திசைக்கொரு பக்கமாகச் சிதறத் தொடங்கியிருந்தார்கள். சிலர் பின்னர் தண்டகாரண்யத்துக்குப் போனார்கள், சிலர் கப்பலேறி அந்தமானுக்கு.

தலைவர்கள் வாங்கித் தந்த உரிமை இந்த மக்களோடு கடல் தாண்டவில்லை. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்பதெல்லாம் மாநிலவாரியாக வகுக்கப்படுவது. அந்தமானில் பட்டியல் சாதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. பழங்குடிப் பட்டியலில் நிக்கோபாரியரும் தீவின் தொல்குடிகளும் மட்டுமே உண்டு. ஜார்க்கண்டில் பழங்குடியான முண்டா திக்லிபூரில் பழங்குடி அல்லர். மேற்கு வங்கத்தில் பட்டியல் சாதியான நாமசூத்திரர் இங்கே குடியேறிய வங்காளி. சமூகத்துக்குக் கடன் செலுத்து என்று சொல்லும்போது சமூகம் என்பதன் எல்லையை யார் வரைவது என்ற சிக்கல் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

திக்லிபூர் வட்டாரத்து ஊர்ப்பெயர்களையும் பாருங்கள்: சுபாஷ்கிராம், தேசபந்துகிராம், வித்யாசாகர்பள்ளி, குதிராம்பூர். நாமசூத்திரர் உழுத மண்ணில் வங்கத்து மேல்சாதிப் பெரியோரின் பெயர்கள். சுபாஷ் சந்திர போஸோ 'தேசபந்து' சித்தரஞ்சன் தாஸோ தங்கள் சாதிக்கு என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. அவர்கள் எல்லாருக்கும் பொதுவானவர்களாகிவிட்டார்கள்.

கடன் சந்தாவாக மாறியது

சமூகக் கடன் என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ். கறுப்பினத்தில் தேர்ந்த பத்தில் ஒரு பங்கினரே மற்றவர்களை மேலே தூக்கிவிட வேண்டும் என்று 1903இல் எழுதினார். 1946இல் அம்பேத்கர் இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பத்தாண்டு கழித்து, 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்பேத்கர் மனம் நொந்தார். படித்து வேலைக்குப் போனவர்கள் தங்கள் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவருடைய ஆற்றாமை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

அந்த ஆற்றாமையைத் தலித் தலைவர் கன்ஷிராம் அமைப்பாக மாற்றினார். 1978 டிசம்பர் 6 அன்று தொடங்கப்பட்ட பாம்செஃப், ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த அரசு ஊழியர்களைத் திரட்டியது. 'பே பேக் டு சொசைட்டி' என்பது அதன் முழக்கம். இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த குமாஸ்தாவும் பொறியாளரும் பணம், நேரம், அறிவு ஆகியவற்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். இதில் புகழுக்கு இடமே இல்லை. பல ஆயிரம் ஊழியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், ஒரே ஒரு நட்சத்திரத்தின் தலையில் அத்தனை பாரமும் விழாது. கடப்பாட்டைப் பற்றி இந்தியாவில் யோசித்தவர்களிலேயே கன்ஷிராம்தான் கெட்டிக்காரர் என்பேன். அவரே 1982இல், தனித்தொகுதிக் கோரிக்கையைக் கைவிட வைத்த பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், மேல்சாதிக் கட்சிகளுக்குப் பயன்படும் தலித் தலைவர்களைச் 'சம்சா'க்கள் என்று சாடி ஒரு நூலும் எழுதினார். வாளிதூக்கி என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான்.

இளையராஜா

தமிழ்நாட்டில் இந்த விவாதம் மிகக் கூர்மையாகச் சுழல்வது இசையமைப்பாளர் இளையராஜாவைச் சுற்றி. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இவர், மேடை பழகியதே அரசியல் கச்சேரிகளில்தான். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிப் பாடகர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்துக்கு அண்ணனோடு போய்ப் பாடியபோது இவர் பதின்ம வயதுச் சிறுவன். 1976இல் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபிறகு அரசியல் மேடையை விட்டு வெகுதூரம் விலகினார். சாதி அடையாளத்தோடு தன்னைச் சேர்த்துப் பேசுவதையும் அவர் விரும்பியதில்லை.

அவருக்காக வாதிடுவோர் சொல்வதில் நியாயம் உண்டு. கர்நாடக இசையின் காவலர்கள் வீற்றிருந்த நகரத்தில், கிராமத்திலிருந்து வந்தவர் அந்த இசையையும் மேற்கத்திய இசையையும் நாட்டுப்புற மெட்டையும் ஒரே மேசையில் வைத்துக் குறிப்பெழுதினாரே, அதைவிடப் பெரிய பேச்சு எது என்பார்கள். எதிர்த் தரப்பு, வெற்றி தனிமனிதருக்கு, அவமானம் மட்டும் சமூகத்துக்கா என்று கேட்கும்.

2022 ஏப்ரலில், அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு இளையராஜா அணிந்துரை எழுதியது வெளியே வந்ததும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. கருத்தைத் திரும்பப் பெறமாட்டார் என்று தம்பி கங்கை அமரன் செய்தியாளர்களிடம் சொன்னார். ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி வந்தது. அதுவரை ஏன் பேசவில்லை என்று கேட்டவர்களில் பலர், இப்போது ஏன் பேசினார் என்று கேட்டார்கள். பாலுவுக்கு 1937இல் நேர்ந்தது நினைவுக்கு வராமல் போகாது.

ரஞ்சித்தும் நீலமும்

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் எடுத்த வழி வேறு. 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) படங்களுக்குப் பின் ரஜினிகாந்தை வைத்து 'கபாலி', 'காலா' இயக்கி உச்சிக்குப் போனார். அந்தப் பெயரையும் பணத்தையும் தான் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையத்தில் போட்டார். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்தக் குழுவின் பெயர், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பிறந்தது. அதே ஆண்டு நீலம் தயாரிப்பில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. கர்நாடக இசைச் சபாக்களின் மார்கழி சீசனுக்கு எதிரே, பறையும் ஒப்பாரியும் கானாவும் ஒலிக்கும் 'மார்கழியில் மக்களிசை', திரைப்படம் பயில்வோருக்குக் கூகை நூலகம், 'நீலம்' இதழ், பதிப்பகம் என்று நீலம் விரிந்தது.

இதற்கு ஒப்பாக அமெரிக்காவில் சொல்லத்தக்கவர் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்ட்டே. 1964இல் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் வாக்காளர் பதிவுக்காக உழைத்த இளைஞர்களுக்குக் கையில் காசில்லை என்று தெரிந்ததும், நடிகர் சிட்னி பொய்ட்டியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 70,000 டாலர் ரொக்கத்தை ஒரு பையில் போட்டுத் தானே எடுத்துப் போனார். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானின் ஆட்கள் வண்டியைத் துரத்தினார்கள். மேடையில் ஆயிரம் பேசலாம். இயக்கத்துக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்தப் பை. 2012இல், வயது எண்பத்தைந்தானபோது, இசை நட்சத்திரங்களான ஜே-ஸியும் பியான்ஸேயும் சமூகப் பொறுப்பைக் கைவிட்டவர்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டதும் இந்தத் தகுதியில்தான்.

அமைப்பு கட்டியவரையும் கேள்வி விடுவதில்லை. ராஜராஜ சோழன் ஆட்சியில் தலித் மக்களின் நிலம் பறிபோனதாக 2019இல் பேசியதற்காக ரஞ்சித் மீது வழக்குப் பதிவானது. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னையில் படுகொலை செய்யப்பட்டபோது, ஆளுங்கட்சியை நோக்கி நேரடியாகக் கேள்விகளை அடுக்கினார். ஆதரித்தவர்கள் உண்டு, நீங்கள் யார் பக்கம் என்று மடக்கியவர்களும் உண்டு.

எதிர்த்திசைக் கடன்

நட்சத்திரம் இக்கட்டில் இருக்கும்போது யார் துணை நிற்பது என்பதும் இதே வரலாற்றின் பகுதி. மலையாளத் திரையின் முதல் கதாநாயகி, தலித் பெண்ணான பி.கே. ரோஸி, 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. மிச்ச வாழ்நாள் தமிழ்நாட்டில் யாரும் அறியாமல் கழிந்தது. நீலம் இப்போது அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், அணியின் தலித் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சாதியைச் சொல்லி ஏசியவர்கள், சில நாள் முன்பு அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்ததை மறந்திருந்தார்கள்.

அதே மாதம் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலைச் சிறப்பித்துப் பாடகி தீ இருந்தார். அதை எழுதிப் பாடிய தெருக்குரல் அறிவு இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அந்தப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். அறிவு மறைக்கப்படுவது பற்றி முதலில் பொதுவெளியில் கேள்வி எழுப்பியவர்களில் ரஞ்சித் ஒருவர். மறு ஆண்டு சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. இம்முறை நடந்ததைத் தானே எழுதி வெளியிட்டார்.