நுரையாற்றில் ஒற்றைப் படகு

அஸ்பெர்கர் குறைபாடுள்ள பதின்வயதினரைக் கோடை விடுமுறையில் மலையாறுகளுக்கு அழைத்துச் சென்று கயாக் ஓட்டப் பழக்கும் வழக்கம் அமெரிக்காவில் உருவானது. அந்தக் குறைபாட்டுக்கு மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்த 1994க்குப் பிறகுதான் அது பரவியது. ஆனால் அதன் வேர்கள் அரை நூற்றாண்டு முந்தியவை.

வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் நான்கு சிறுவர்களை விரிவாக வருணித்திருந்தார். நன்றாகப் பேசக்கூடியவர்கள், ஏதேனும் ஒரு துறையில் ஆழ்ந்த ஆர்வம் உடையவர்கள். ஆனால் மற்றவர்களின் முகக்குறிப்பையும் பேச்சின் உட்பொருளையும் பிடிக்க முடியாமல் திணறியவர்கள். அவர்களுடைய உடல் அசைவிலும் அவர் ஒன்றைக் கவனித்தார். கூட்டமாகச் செய்யும் உடற்பயிற்சியில் தாளத்தோடு சேர அவர்களால் முடியவில்லை; பந்து பிடிப்பதிலும் தடுமாற்றம் இருந்தது. மைதானத்தில் அணி பிரிக்கும்போது கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைகள் இவர்கள். தனியாக இயக்கும் படகு இவர்களுக்கு ஏன் பொருந்தியது என்பதற்கான விடை இந்தக் குறிப்பில் இருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இருந்த அந்தக் கட்டுரை வெளியுலகின் கவனத்துக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. ஆட்டிசம் உள்ள மகளைப் பெற்றவரும் மனநல மருத்துவருமான பிரிட்டனின் லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரைதான் 'அஸ்பெர்கர் குறைபாடு' என்ற பெயரை ஆங்கில உலகில் நிலைநிறுத்தியது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் நான்காம் பதிப்பில் அது தனி வகையாக இடம்பெற்றது. அதுவரை 'அடங்காதவன்', 'ஒட்டாதவன்' என்றே பள்ளிகளில் பெயரெடுத்த பிள்ளைகளுக்கு அதன்பிறகு ஒரு விளக்கம் கிடைத்தது. அவர்களுக்கென்றே வகுப்புகளும் முகாம்களும் தோன்றின.

முகாம் என்ற வடிவம் வேறொரு வழியில் வந்தது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான், 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலுக்கு ஆளாகி உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த வணிகக் கப்பல் மாலுமிகளில், அனுபவம் குறைந்த இளைஞர்கள் பலர் தாக்குப்பிடிக்காமல் இறந்தார்கள் என்பது அன்றைய கப்பல் துறையினரின் கவலை. கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு 1941இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டவியில் ஹான் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் 'அவுட்வர்ட் பவுண்ட்'. மலையும் கடலும் தரும் சிரமமே ஆசிரியர் என்பது அதன் கொள்கை. 1960களின் தொடக்கத்தில் அது கொலராடோவுக்கு வந்தது.

கயாக் படகின் கதை ஆர்க்டிக்கில் தொடங்குகிறது. இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிச் செய்த ஒற்றையாள் வேட்டைப் படகு அது. கவிழ்ந்தால் படகைவிட்டு வெளியேறாமலேயே துடுப்பையும் இடுப்பையும் கொண்டு நிமிர்ந்துவிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. 1927இல் ஆஸ்திரியாவின் வைஸன்ஸே ஏரியில் ஹான்ஸ் பவ்லாட்டா என்பவர் அந்த உருளலைச் செய்து காட்டினார். துருவப் பயணிகளின் நூல்களைப் படித்து, அசைவு அசைவாகப் பிரித்து, தனக்குத் தானே பழகிக்கொண்டார். கண்ணால் பார்த்துப் போலச்செய்ய வராத ஒன்றை எழுத்தின் வழியே படிப்படியாகக் கற்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. 1970களில் வார்ப்பு பிளாஸ்டிக் கயாக்குகள் வந்தன. பாறையில் மோதினாலும் எளிதில் உடையாத, விலை மலிந்த அந்தப் படகுகள்தான் கத்துக்குட்டிகளை ஆற்றில் இறக்குவதை நடைமுறைக்குச் சாத்தியமாக்கின.

பெயரும் முகாமும் படகும் ஒன்றுகூடிய இடங்களில் முக்கியமானது வட கரோலைனா மாநிலத்தின் மலைப்பகுதி. கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் உள்ள சிறுவர்களுக்காக அங்கே 'சோர்' என்ற அமைப்பு 1977இலும் 'டாலிஸ்மன்' முகாம் 1980இலும் தொடங்கப்பட்டன. அஸ்பெர்கர் என்ற பெயர் பரவிய பின் டாலிஸ்மன் அத்தகைய பதின்வயதினருக்கும் தனித் திட்டம் வகுத்தது. அதே வட்டாரத்தில் ஓடும் நன்டஹேலா ஆற்றங்கரையில் 1972 முதலே படகோட்டும் பயிற்சி மையம் ஒன்று இயங்கி வந்தது.

நன்டஹேலாவின் நீரோட்டம் மழையை நம்பியதல்ல. மேலே உள்ள அணையிலிருந்து மின்நிலையம் வழியாகக் குறித்த நேரத்தில் திறந்துவிடப்படும் நீர் அது. இன்ன நாளில் இன்ன மணிக்குத் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியாகும். எதிர்பாராத மாற்றம் எதுவும் மனத்தைக் கலைத்துவிடும் பிள்ளைகளுக்கு, நேரம் தவறாத ஓர் ஆறு கிடைத்தது பெரிய பேறு. அணையின் அடியிலிருந்து வருவதால் கோடையிலும் நீர் உறையவைக்கும் குளிர்ச்சி. பெரும்பாலும் எளிதான இரண்டாம் தரப் பாய்ச்சல். பயண முடிவில் மட்டும் மூன்றாம் தரத்தில் ஒரு சிற்றருவி. நுரைத்தோடும் ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம்.

பாடம் அசையாத ஏரியில் தொடங்கும். இடுப்பைச் சுற்றி நீர் புகாதபடி ரப்பர் துணியால் மூடிய படகில் உட்காரவைத்து, வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள். தலைகீழாக நீருக்குள் இருக்கும்போது செய்ய வேண்டியவை ஒரே வரிசையில் வரும்: படகின் அடிப்பாகத்தை மூன்று முறை தட்டு, முன்பக்கம் குனி, மூடுதுணியின் வளையத்தைத் தேடிப் பிடி, முன்னோக்கி இழு, இடுப்பைத் தள்ளி வெளியே வா. அதில் ஊகிப்பதற்கு எதுவும் இல்லை. ஆற்றைப் படிப்பதும் இப்படித்தான். நீர்ப்பரப்பில் கீழ்நோக்கிக் கூம்பும் வழவழப்பான நாக்கு தெரிந்தால் அது வழி. மேல்நோக்கிக் கூம்பினால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்புறம் நீர் தேங்கி, எதிர்த்திசையில் மெல்லச் சுழலும். அங்கே ஒதுங்கி மூச்சு வாங்கலாம். மனித முகத்தில் ஒரே புன்னகை பத்துப் பொருள் தரும். ஆற்றின் குறிக்குப் பொருள் ஒன்றே. இந்தப் பிள்ளைகள் அதை விரைவில் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

பேச்சும் அளவாகவே தேவைப்பட்டது. துடுப்பை உயர்த்திக் காட்டும் சைகைகள், ஒருவர் பின் ஒருவர் இறங்கும் முறை, கவிழ்ந்தவனுக்குக் கயிறு வீசும் கடமை என எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தனித்தனிப் படகில் இருந்தபடியே ஒரு குழுவில் அங்கமாக இருக்கலாம். இறுக்கமான உயிர்காப்பு அங்கியின் அழுத்தம் சிலரை அமைதிப்படுத்தியது. வேறு சிலருக்கு அதே அங்கியும் தலைக்கவசமும் மூக்கில் ஏறும் நீரும் தாங்க முடியாத தொல்லை. தொடு உணர்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதை அறியாத பயிற்சியாளரால் நன்மையைவிடத் தீமையே விளையும்.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத இருண்ட பக்கமும் உண்டு. 'அடங்காத' பிள்ளைகளைத் திருத்துவதாகச் சொல்லி அமெரிக்காவில் பெருகிய சில வனாந்தர முகாம்களில் பதின்வயதினர் வதைபட்டார்கள், இறப்புகளும் நேர்ந்தன. 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இத்தகைய நிறுவனங்கள் மீது ஆயிரக்கணக்கான புகார்கள் இருப்பதை அறிக்கையில் வெளியிட்டது. பிள்ளையின் சம்மதத்தோடு நடக்கும் கோடைப் பயிற்சியும் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் விடப்படும் முகாமும் வேறு வேறு. விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே ஆற்றின் படத்தைப் போட்டிருக்கக்கூடும் என்பதால் பெற்றோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

பெயருக்கும் ஒரு முடிவு வந்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அஸ்பெர்கர் என்ற தனி வகையை நீக்கி ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்தது. 2018இல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக், நாஜி ஆட்சியோடு ஹான்ஸ் அஸ்பெர்கர் ஒத்துழைத்ததையும், கிட்டத்தட்ட 800 குழந்தைகள் கொல்லப்பட்ட 'ஆம் ஷ்பீகல்கிரண்ட்' நிலையத்துக்குப் பிள்ளைகளை அவர் பரிந்துரைத்ததையும் ஆவணங்களோடு நிறுவினார். அந்தப் பெயரைச் சுமக்க விரும்பாத பலர் 'ஆட்டிசம் உள்ளவர்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினர். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதலான நோய்ப் பட்டியலிலும் அஸ்பெர்கர் குறைபாடு தனி வகையாக இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவர இயற்கையே இடம் தராது. பனியுருகலாலும் அணைநீராலும் அமெரிக்க ஆறுகள் கோடையில் ஓடுகின்றன. இங்கே பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் பாலாறு மணற்பரப்பாகக் கிடக்கும். நுரைத்தோடும் நீர் தென்னிந்தியாவில் தென்மேற்குப் பருவமழையோடு வருவது. கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை ஆறுகளில் 2013 முதல் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவின் கயாக் போட்டிகள் கொட்டும் மழைக்காலத்தில் நடைபெறுவது அதனால்தான். ஒகேனக்கல்லில் காவிரியின் பாறை இடுக்குகளில் ஓடும் பரிசல், தமிழரின் சொந்த மலையாற்றுப் படகு. நீர்வரத்து கூடிவிட்டால் அதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும்.

ஆகவே இங்கே ஆட்டிசமும் நீரும் சந்தித்த இடம் கடற்கரை. கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர் இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ், ஆட்டிசம் உள்ள தம் மகன் அலையில் அமைதி கொள்வதைக் கண்டு, 1996இல் அத்தகைய பிள்ளைகளுக்கான முகாம்களைத் தொடங்கியிருந்தார். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய பின், கடல் தமிழ் இளைஞர்களுக்கு விளையாட்டுக் களமாகவும் ஆயிற்று. கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் கழிமுக நீரில் இயங்குகிறது. அதே முட்டுக்காட்டில் 2005இல் மத்திய அரசு நிறுவியதுதான் 'நிப்மெட்' எனப்படும், பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம்.

கார் தொழிற்சாலையால் அறியப்பட்ட மறைமலை நகரிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டை அடையலாம். அந்நகரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் ஆலைகளின் ஷிப்ட் நேரத்துக்கேற்ப வாழும் குடும்பங்களுக்கு, மாவட்டந்தோறும் நடக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் எட்டும் தூரத்தில் உள்ளவை. ஆனால் கபடி, கைப்பந்து, கால்பந்து போன்ற அணி விளையாட்டுகளே அவற்றில் பெரிதும் இடம்பெறுகின்றன. அஸ்பெர்கர் வருணித்த வியன்னாச் சிறுவர்கள் திணறியதும் கூட்டத்தோடு சேர்ந்து ஆட வேண்டிய இடத்தில்தான்.

நீரில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளால் என்ன முடியும் என்பதைப் பாக் நீரிணை கண்டது. 1994இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் நீந்திக் கடந்த அந்தக் கடலை, மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை கடந்தார். ஆட்டிசம் உள்ள அந்தச் சிறுமிக்கு அப்போது வயது 13. ஏறத்தாழ 29 கிலோமீட்டரை அவர் 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்ற குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீரால் ஈர்க்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் போய் இறங்கிவிடுவது ஒரு காரணம். எனவே படகுக்கு முன் நீச்சல் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

இந்தியச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட 21 குறைபாடுகளை அங்கீகரித்தது. அதன் 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வதும், அதற்கேற்ப வசதிகளை மாற்றியமைப்பதும் அரசின் கடமை என்று அது வகுத்திருக்கிறது.