வகுப்பறை உதவியாளர் ஒதுக்கீடு (இங்கிலாந்து)

சிறப்புக் கல்வித் தேவை உள்ள மாணவருக்கு வகுப்பறையில் துணையாக ஓர் உதவியாளரை அமர்த்தி, அவர் யாருக்கு, எத்தனை மணி நேரம், எந்த வேலைக்கு என்று முடிவு செய்வதே வகுப்பறை உதவியாளர் ஒதுக்கீடு. இங்கிலாந்தில் இது சட்டத்தோடு பிணைந்த ஏற்பாடு. பெற்றோரும் உள்ளாட்சி மன்றமும் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடும் விஷயமும் இதுதான்.

கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகள் அந்நாட்டில் 1971 வரை கல்வித் துறையின் பொறுப்பிலேயே இல்லை. கற்பிக்க இயலாதவர்கள் என்று முத்திரை குத்தி, அவர்களைச் சுகாதாரத் துறையிடம் விட்டிருந்தார்கள். 1970இல் நிறைவேறிய சட்டம் அந்த அநீதியை நீக்கியது. பின்னர், மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கை, பள்ளிப் பருவத்தில் ஏதாவதொரு கட்டத்தில் ஐந்தில் ஒரு குழந்தைக்குச் சிறப்பு உதவி தேவைப்படலாம் என்றது. 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இந்த அறிக்கையின் வழியில் வந்தது. மாற்றுத்திறன் மாணவர்கள் பொதுப் பள்ளிகளுக்கு வரத் தொடங்க, அவர்களுக்கான உதவியாளர்களின் எண்ணிக்கையும் பெருகியது.

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 2014ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம். பள்ளியின் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் முதலில் பள்ளியின் சொந்த வளத்தைக் கொண்டு உதவுகிறார். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரையான கூடுதல் செலவைப் பள்ளியே ஏற்கும் என்பது நிதி விதி. அது போதாவிட்டால் உள்ளாட்சி மன்றத்திடம் மதிப்பீடு கோரலாம். கல்வி உளவியலாளர் உள்ளிட்டோரின் கருத்தைப் பெற்று, 20 வாரங்களுக்குள் கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் திட்டம் என்ற ஆவணத்தை மன்றம் இறுதி செய்ய வேண்டும். 25 வயது வரை இத்திட்டம் நீடிக்கலாம். தரப்படும் உதவி இன்னது, இவ்வளவு என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "தேவைக்கேற்ப உதவி" என்று மட்டும் எழுதிவிட்டால், நிதி நெருக்கடி வரும்போது அந்த உதவி முதலில் காணாமல் போகும். பெற்றோர் மணிக்கணக்கை விடாப்பிடியாகக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் லண்டன் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் சுமார் 8,200 மாணவர்களின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே நிலையிலிருந்து தொடங்கிய மாணவர்களில், உதவியாளரின் துணையை அதிகம் பெற்றவர்கள் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த முடிவு பலரை உலுக்கியது. குறை உதவியாளர்களிடம் இல்லை. அவர்களை அமர்த்திய விதத்தில்தான் இருந்தது. பின்னக் கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய பாடம் என்னவென்று உதவியாளருக்கும் மாணவரோடு சேர்ந்துதான் தெரியவருகிறது. முன்கூட்டி ஆசிரியரோடு பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட, தாளை முடித்தாக வேண்டிய அவசரத்தில் உதவியாளரே விடையைச் சொல்லிவிடுகிறார். தாள் நிரம்புகிறது, கணக்கு மனத்தில் ஏறவில்லை. நாள் முழுவதும் இப்படியே கழிந்தால், ஆசிரியரின் கவனம் மிகவும் தேவைப்படும் குழந்தைக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

மாற்று வழியும் ஆய்வில் தெளிவாகவே இருக்கிறது. கல்வி அறக்கொடை அறக்கட்டளை 2015இல் தந்த வழிகாட்டுதலின்படி, பயிற்சி பெற்ற உதவியாளர் வரையறுத்த பாடத்திட்டத்தோடு 20 முதல் 50 நிமிடம் வரை, வாரத்தில் சில நாள்கள், சில மாதங்களுக்குத் தொடர்ந்து கற்பித்தால் நல்ல பலன் கிடைக்கிறது. மற்ற நேரங்களில் உதவியாளர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, ஆசிரியரே அந்த மாணவரின் அருகில் அமரலாம்.

அயர்லாந்துக் குடியரசு வேறு வழியில் செல்கிறது. அங்கே சிறப்புத் தேவை உதவியாளர்கள் பராமரிப்புப் பணிகளுக்கு மட்டுமே: உணவூட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, நடமாட்டத்துக்குத் துணை நிற்பது போன்றவை. கற்பிப்பது ஆசிரியரின் பொறுப்பு. பணியிடங்களைத் தேசியச் சிறப்புக் கல்வி மன்றம் குழந்தைவாரியாக அல்லாமல் பள்ளிவாரியாக ஒதுக்குகிறது. பொறுப்பு யாருடையது என்பதில் இந்த முறை தெளிவானது. எனினும் தன் குழந்தைக்கு உறுதியாக எவ்வளவு கிடைக்கும் என்ற பெற்றோரின் கேள்விக்கு இங்கிலாந்துத் திட்டம்தான் திடமான பதில் தருகிறது.

அத்திட்டம் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். மணி நேரம் எவ்வளவு என்பதோடு, அந்த நேரத்தில் நடப்பது என்ன, உதவியாளருக்குப் பயிற்சி தந்தது யார், ஆசிரியர் குழந்தையோடு செலவிடும் நேரம் எவ்வளவு என்பதையும் பெற்றோர் அந்த மறுஆய்வுக் கூட்டத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.