உருக்கும் வெப்பமும்: உடப்புசல்லாவை இருப்புப்பாதை முதல் மெல்பேண் பாலம் வரை

மலையகத்தின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் தேயிலைச் செடியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தேயிலையைச் சந்தைக்குக் கொண்டுசென்ற உருக்கின் வரலாறோ கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைப் பிரதேசத்தை நோக்கிச் சென்ற ஒடுங்கிய இருப்புப்பாதை 1904இல் இராகலையை எட்டியது. 1948இல் முற்றாக மூடப்பட்டது. தண்டவாளங்களை இணைப்புத் தகடுகளாலும் சுரையாணிகளாலும் பொருத்திய காலம் அது. உருக்கை உருக்கியே ஒன்றாக்கும் காய்ச்சியிணைப்பு, அதாவது தொழிலாளர் வழக்கில் 'வெல்டிங்', பாலங்களிலும் கப்பல்களிலும் பெருவழக்கானது 1930களிலிருந்தேயாகும்.

இம்மாற்றம் புதியதொரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. காபன், மங்கனீசு, குரோமியம் முதலியன கூடுதலாகச் சேர்ந்த உயர்வலு உருக்கில், தடித்த குளிர்ந்த தகடு இணைப்பின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துவிடுகின்றது. அங்ஙனம் திடீரெனக் குளிர்ந்த விளிம்பு, மாட்டென்சைற்று எனும் கடினமான, ஆனால் எளிதில் நொறுங்கும் அமைப்பாக மாறுகின்றது. ஈரமேறிய மின்வாயிலிருந்து புகும் ஐதரசன் அதனுள் தங்கிவிடுகின்றது. சுருங்கும் உலோகத்தின் இழுவிசையும் இவற்றோடு கூடுமிடத்து, வேலை முடிந்து பல மணி நேரத்தின் பின்னரும், சிலவேளை இரண்டு நாள் கழித்தும், வெடிப்புத் தோன்றுகின்றது. எனவே தகட்டை முன்கூட்டியே சூடாக்குதல் இன்றியமையாதது. தடிப்புக்கும் சேர்க்கைக்கும் ஏற்ப 100 முதல் 200 பாகை செல்சியசு வரை வேண்டப்படலாம். மிகையான வெப்பமும் தீதே. பதப்படுத்திய உருக்கு அதனால் தன் வலுவை இழக்கும்.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. உருக்கின் சேர்க்கையைக் கொண்டு அது கடினமாகும் இயல்பைக் கணிக்கும் வழியை டியர்டன், ஓநீல் ஆகியோர் 1940இலேயே வகுத்தனர். இருந்தும், 1961இல் திறக்கப்பட்ட மெல்பேண் கிங் வீதிப் பாலத்தின் ஒரு பகுதி, 1962 யூலை 10ஆம் நாள், குளிர்காலக் காலையொன்றில், 45 தொன் வாகனம் கடந்தபோது உடைந்து தாழ்ந்தது. தெய்வாதீனமாக உயிரிழப்பு நேரவில்லை. உயர்வலு உருக்கு வளைகளின் இணைப்போரங்களிலே வெடிப்புகள் காணப்பட்டன; அவற்றுட் சில பாலம் திறக்கப்படுமுன்னரே தோன்றியிருந்தன.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நூலில் இருந்த அறிவு பட்டறையை ஏன் முழுமையாகச் சென்றடையவில்லை? நாம் எழுப்பவேண்டிய வரலாற்று வினா இதுவே.

தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தியுட் புகும் காற்றின் வெப்பம், ஏறத்தாழ 90 பாகை, வெப்பமானி கொண்டு இடையறாது கண்காணிக்கப்படுகின்றது; தவறின் கொழுந்தின் விலை குன்றும் என்பதை யாவரும் அறிவர். அதே கண்காணிப்பு உருக்குக்கும் உரியது. குறித்த வெப்பநிலையில் உருகிக் காட்டும் குறிகோல் அரும்பொருளன்று. குளிர் மிகுந்த மலைநாட்டுப் பட்டறையில் அதன் தேவை இன்னும் பெரிது. வெடிப்புக்குத் தொழிலாளியின் கையைப் பழிப்பதற்கு முன்னர், அக்கைக்கு அளவுகோலும் அதன் காரணமும் வழங்கப்பட்டனவா என வினவுதல் நம் கடனாகும்.