ஒரு துளி இரத்தமும் ஐந்து இலட்சம் காய்ச்சலும்

1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். ஆறு வருடம் கழித்து, 1969 இல், 5 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். வவுனியாவில் மலேரியா ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்ததே அந்த இரண்டாவது எண்ணால்தான். அதனால் முதலாவது எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

வன்னிக்குக் காய்ச்சல் புதிதல்ல. குளத்தடி ஊர்களில் மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளிய பிள்ளைகளை நோயாளிகளாகவே யாரும் எண்ணியதில்லை. பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்கு இந்தப் பக்கம் மாற்றம் வந்தால் வீட்டில் ஒப்பாரி கேட்கும் என்று எங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற பழைய நகரங்கள் காடானதற்கே மலேரியாதான் காரணம் என்று 1920களில் வாதிட்டவர்களும் உண்டு. நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். படையெடுப்பில் குளம் உடைந்து, கட்ட ஆளில்லாமல் போன பிறகுதான் நுளம்புக்கு அங்கே அரசாட்சி கிடைத்திருக்கும்.

ஆனால் பெருஞ்சாவு விழுந்தது வன்னியில் அல்ல, வழக்கமாக மழை குறையாத ஈரவலயத்தில். 1934 இல் மழை பொய்த்தது. மகாவலி, களனி கங்கை, மா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று, மணலிலும் பாறையிலும் குட்டை குட்டையாகத் தேங்கின. எங்கள் நாட்டில் மலேரியாவைப் பரப்பும் முக்கிய நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசீஸ். சாக்கடை அதற்கு ஒத்துவராது. வெயில் படும் தெளிந்த, ஓடாத நீர்தான் வேண்டும். மற்ற வருடங்களில் அதன் குடம்பிகளை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வருடம் அடித்துப்போக வெள்ளமில்லை. கேகாலை, குருணாகல் பக்கங்களில் வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயில் விழுந்தார்கள். வறண்ட பிரதேசத்தார் சிறுவயதிலிருந்தே காய்ச்சலில் அடிபட்டு ஓரளவு தாங்குசக்தி பெற்றிருந்தார்கள். இவர்களுக்கு அது இல்லை. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டின் சனத்தொகையே அரைக்கோடியைச் சற்றுத் தாண்டியது. சூரியமல் என்ற காலனியெதிர்ப்பு இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்புமாக ஊரூராகப் போனார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகாத்தயா’ (பருப்பு ஐயா) என்ற பட்டம் அப்போதுதான் கிடைத்தது. 1935 கடைசியில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

1946 இல் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாக வந்தது. ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு வருடமே 14 ஆக இறங்கியது. அது முழுக்க டிடிடியின் புண்ணியமா, ஆஸ்பத்திரிக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பங்குண்டா என்று ஆராய்ச்சிக்காரர்கள் வெகுகாலம் சண்டை பிடித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காய்ச்சல் காவல் காத்த காடுகள் திறந்துகொண்டன. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது; பிறகு குடியேற்றத்துக்கு மேல் குடியேற்றம். எங்கள் காணிப் பிரச்சினையின் ஒரு வேர் அந்த வெள்ளைத் தூளில் கிடக்கிறது என்று நான் சொன்னால் அரசியல் பேசுகிறவர்களுக்குப் பிடிப்பதில்லை.

மருந்தடித்தால் மண்சுவரில் வெள்ளையாகப் படியும். இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் சுவரில் உட்காரும், அங்கேயே சாகும். ஆனால் பொங்கல் வந்தால் பெண்கள் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுவார்கள். மருந்து மெழுக்குக்கு உள்ளே போய்விடும். ஒரு ஆச்சி எங்கள் மருந்தடிப்புக் குழுவை வாசலிலேயே மறித்தா. “தம்பி, மூட்டைப்பூச்சியே சாகாத மருந்தை ஏன் கொண்டுவந்து அடிக்கிறியள்?” பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் மருந்துக்குப் பூச்சி பழகிவிடும் என்பதை எங்கள் அதிகாரிகளுக்கு முதலே மூட்டைப்பூச்சி ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறது.

இனி அந்த 17. நோய் போய்விட்டது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். அதைக்கூட நான் பெரிய பிழை என்று சொல்லமாட்டேன். காலம் முழுக்க அடித்துக்கொண்டிருக்க முடியாது. இரத்தம் எடுப்பதும் தளர்ந்ததுதான் கேடு. காய்ச்சலோடு வருபவரின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடிப்பாகவும் மெலிதாகவும் பூசி, காயவிட்டு, கீம்சா சாயத்தில் ஊறவைத்து, எண்ணெய் விட்டு நூறு புலமாவது நகர்த்தி நகர்த்திப் பார்க்கவேண்டும். ஒட்டுண்ணி வைவாக்ஸ் வகை என்றால், மெல்லிய பூச்சில் அது புகுந்த செங்குழியம் ஊதி, இளஞ்சிவப்புப் புள்ளிகளோடு தெரியும்; பல்சிபாரம் என்றால் மெல்லிய வளையங்கள், சிலவேளை பிறை வடிவங்கள். கழுத்து நோகும், கண் எரியும். நாள்முழுக்கப் பார்த்து ஒன்றும் காணாவிட்டால் வேலை செய்ததாகவே தோன்றாது. ஒன்றும் காணாத தகட்டுக்குக் காசு செலவழிக்க எந்தத் திறைசேரிக்கும் மனம் வராது. 1967 இல் மழை குறைந்து, ஆறுகள் மறுபடி குட்டைகளானபோது நோய் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. மாணிக்கக் குழிகளில் வேலை செய்தவர்கள் அதை ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள். மறுபடி டிடிடியைத் தூக்கினால், நுளம்பு அதற்குப் பழகியிருந்தது. எழுபதுகளில் மலத்தியனுக்கு மாறினார்கள். அதன் நாற்றத்துக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்ட வீடுகள் ஏராளம்.

யுத்த வருடங்களைப் பற்றி எழுதத் தனியாக ஒரு புத்தகம் வேண்டும். 1999 இல் 2 இலட்சத்து 64 ஆயிரம் நோயாளிகள். அதற்குப் பிறகு நுளம்பு வலை, நடமாடும் சிகிச்சை நிலையம், திரும்பவும் தகடு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அதே வருடக் கடைசியில் மன்னாரில் புதிய நுளம்பு ஒன்று அகப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அதே சாதி. இதற்கு ஆறும் வேண்டாம், வரட்சியும் வேண்டாம். பிறகு யாழ்ப்பாணத்திலும் வந்துவிட்டது, அங்கே வளவுக்கு வளவு கிணறு. “நோய்தான் இல்லையே, ஆய்வுகூடம் இன்னும் எதற்கு?” என்று இப்போதும் கேட்கிறார்கள். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் கொண்டுவந்த வைவாக்ஸ் உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியது. இரத்தம் எடுத்தார்கள், தகட்டில் கண்டார்கள், சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடினார்கள். மூன்றாவது ஆளுக்கு அது போகவில்லை.