அம்மோனைட் பொறுக்கிய காலம்

ஐப்பசி மழை ஓய்ந்தபின் காரைப் பக்கம் போனால் குனிந்து நடந்தாலே போதும் என்று ஒரு காலம் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் அந்த வறண்ட மேடுகளில் மழைநீர் களிமண்ணை அரித்துக்கொண்டு போக, உள்ளே கிடந்த அம்மோனைட்டுகள் தாமாகவே வெளியே வரும். ஆட்டுக்கொம்பைச் சுருட்டி வைத்தது போன்ற கல். காசளவில் ஒன்று, ஒருவரால் தூக்க முடியாத அளவில் ஒன்று. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் உறவான அந்த உயிர்கள் அதில் நீந்தின. அந்த இனம் முழுவதும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. இப்போது நான் துக்கம் கேட்பது அதற்காக அல்ல. பையும் சுத்தியலும் நோட்டுமாகப் போய் அவற்றைப் பொறுக்கி, எங்கே எடுத்தது என்று எழுதிவைத்த அந்தப் பழக்கத்துக்காக.

ஆலுவாவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. இங்கே பெரியாற்றங்கரையில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை 1947-இல் அம்மோனியம் சல்பேட் செய்யத் தொடங்கியது. அதை உருவாக்கியதில் திருச்சியின் சேஷசாயி சகோதரர்களுக்குப் பெரும்பங்கு. மலைக்காட்டு விறகிலிருந்து வாயு எடுத்தார்கள். சல்பேட்டுக்கு வேண்டிய ஜிப்சம் அன்றைய திருச்சி மாவட்டத்திலிருந்து வந்தது. ஊட்டத்தூர், காரை வட்டாரக் களிமண்ணில் பாளம் பாளமாகக் கிடைத்த ஜிப்சம் அது. அம்மோனைட் கிடந்ததும் அதே களிமண்ணில்தான். ஜிப்சத்துக்காக வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் அந்தப் பழைய கடலின் அடித்தரையைக் கிளறியது. பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை உரம் கேட்டது, நெல் விளைந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் நோட்டோடு ஓர் ஆளை நிறுத்தியிருக்கலாமே என்பதுதான் ஆதங்கம்.

ஏனென்றால் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். 1840-களில் சென்னை மாகாண அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சேகரித்தவற்றை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காக இந்தப் பாறைகளை ஊர் ஊராக நடந்து வரைபடமாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் படிப்பது அந்தப் பிரிவினையை ஒட்டித்தான். (1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. பழைய கடலை அளந்த கை பருவமழையையும் அளந்தது.) அந்தச் சேகரத்தைக் கல்கத்தாவில் வைத்து ஒவ்வொரு சுருளாக ஆராய்ந்து, 1860-களில் படங்களோடு பதிப்பித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874-இல் லடாக்கில் இறந்தார். வயது முப்பத்தாறு. ஸ்டோலிச்காயா என்று ஓர் அம்மோனைட் பேரினம் அவர் பெயரில் இருக்கிறது.

அவர்கள் எடுத்த கல்லுக்கு ஏன் இன்றும் மதிப்பு? அம்மோனைட் வேகமாக உருமாறிய உயிர். ஓர் இனம் சில லட்சம் ஆண்டுகளில் தோன்றி மறைந்துவிடும், அதற்குள் பல கடல்களுக்கும் பரவியிருக்கும். அந்த வட்டாரத்து ஒடியத்தில் ஓர் அடுக்கில் கிடைத்ததையே மடகாஸ்கரிலோ இங்கிலாந்திலோ கண்டால், இரண்டு அடுக்கும் ஒரே காலத்தவை என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த ஓடை, எந்த அடுக்கு என்ற குறிப்பு வேண்டும். அது இல்லாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். இதனால்தான் அழகுப் பொருளாக விற்பதற்கென்று அள்ளிப் போனவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. கல்லைத்தானே எடுத்தோம் என்பார்கள். அதன் வயதையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டு போனார்கள்?

நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட்டே. அவை பூஜையறையில் வாழ்கின்றன. நம் ஊர்ச் சுருளுக்கு அந்தப் புகலிடம் கிடைக்கவில்லை. அதே வட்டாரத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் தப்பியது, வேலி போட்டுக் காக்கிறார்கள். சின்னக் கல்லுக்கு யார் வேலி போடுவது?

1939-இல் கல்லக்குடியில் டால்மியாபுரம் சிமெண்ட் ஆலை வந்தது. பின்னர் அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. சிப்பியும் பவளமும் சேர்ந்து இறுகிய அந்தப் பழைய கடலின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களில் நிற்கிறது. அரியலூர்ப் பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஸ்டோலிச்கா எழுதிய மூலக் கற்களைப் பார்க்க அரியலூர் மாணவி இன்றும் கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். ஃபோர்ப்ஸ் எழுதியவற்றுக்கு லண்டன். அவற்றின் வார்ப்பு நகல்களையாவது வாரணவாசிக்குக் கொண்டுவரலாம்.

சுண்ணாம்புச் சுரங்கங்களில் வெட்டு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு புது வெட்டுத்தளம் திறக்கும்போதும் லாரி வருவதற்கு முன் ஒரு நாள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளை ஆசிரியரோடு உள்ளே விடட்டும். தலைக்கவசமும் நோட்டும் அளவு நாடாவும் போதும். எடுத்த கல் வாரணவாசிக்கே போகட்டும்.