பித்தப்பை அறுவைச் சிகிச்சை: அச்சமும் வரலாறும்

பித்தப்பையை அகற்ற மருத்துவர் நாள் குறித்ததும், அசோக் நகர்ச் சகோதரர்கள் நம்மிடம் கேட்பது இதுவே: "ஹஜ்ரத், அதற்குப் பிறகு ஸஜ்தா செய்ய முடியுமா?" இது முந்தைய தலைமுறையின் வேதனை விட்டுச்சென்ற அச்சம்.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 43 வயதான அந்த நோயாளி உயிர் பிழைத்தார். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை அதைச் சேமிக்கும் பை மட்டுமே. ஆகவே அது இல்லாமலும் மனிதன் வாழ இயலும். ஆயினும் நூறாண்டுக் காலம் வயிற்றைப் பெரிதாகக் கீறியே இச்சிகிச்சை நடந்தது, தேற வாரக்கணக்கானது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியே இதைச் செய்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் உத்வாடியா இம்முறையை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். இன்று பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்; பளு தூக்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும்.

மாறாக, அஞ்சித் தள்ளிப்போட்டால், கல் பித்தக் குழாயை அடைத்து மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் நேரலாம்.

ஸஜ்தாவைப் பற்றிய கவலைக்கும் விடை பழையதே. மூல நோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் வினவியபோது, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். எனவே காயம் ஆறும்வரை அமர்ந்து, சைகையால் ஸஜ்தா செய்யலாம். சிகிச்சையை நாடுவதும் தவக்குலுக்கு முரணன்று. அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக!